சொல்லில் மட்டுமா உணர்ச்சி? – சூழலிசைக் கிதாரை முன்வைத்து

தமிழ் இலக்கியச் சூழலில் இசையைப் பற்றிய பேச்சுக்குக் குறைவில்லை. ஆனால் அப்பேச்சைச் சற்று உரசிப் பார்த்தால், அங்கே பேசப்படுவது பாட்டு என்பது தெரியும். இன்னும் உரசினால், பாட்டின் வரிகள் மட்டுமே என்பது தெரியும். ஒரு திரைப்பாடலைப் பற்றி நான்கு பக்கம் எழுதும் நம் கட்டுரையாளர், மூன்றேமுக்கால் பக்கத்தைப் பாடலாசிரியரின் உவமைக்கு ஒதுக்குகிறார். எஞ்சிய கால் பக்கத்தில் ‘இனிமையான மெட்டு’, ‘மனத்தை வருடும் இசை’ என்று இரண்டு தேய்ந்த தொடர்கள். அத்துடன் இசைக்குச் செலுத்த வேண்டிய கடன் தீர்ந்தது.

இந்தப் பழக்கம் முழுமையாக அம்பலப்படுவது, சொல்லே இல்லாத இசை முன்னால் வந்து நிற்கும்போதுதான். அதிலும் ‘ஆம்பியன்ட்’ என்று மேலைநாட்டார் அழைக்கும் சூழலிசை, குறிப்பாகக் கிதாரில் எழும் சூழலிசை வந்துவிட்டால், நம்மவர்கள் நான்கு குற்றச்சாட்டுகளை அடுக்குகிறார்கள். அதில் சொல் இல்லை, ஆகவே உணர்ச்சி இல்லை. அது அயல் கருவி, ஆகவே நம் நெஞ்சைத் தொடாது. அதில் எதுவும் நிகழ்வதில்லை, ஆகவே அது கலை ஆகாது. இறுதியாக, அது தூங்க வைப்பதற்கான ஒலி. இலக்கிய நண்பர்கள் கூடும் இடங்களில் இந்நான்கையும் நாம் பலமுறை கேட்டுவிட்டோம். இவை தமிழ் மரபின் பெயரால் சொல்லப்படுவதால்தான் மறுக்க வேண்டியிருக்கிறது. மறுப்பையும் பெரிதும் அம்மரபிலிருந்தே எடுப்போம்.

*

முதலில், பேசப்படும் பொருள் என்ன என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

1975ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரையன் ஈனோ என்ற ஆங்கில இசைஞர் விபத்தில் அடிபட்டுப் படுக்கையில் இருந்தார். தோழி ஒருவர் அவருக்கு ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் இருந்தது 18ஆம் நூற்றாண்டின் ஹார்ப் இசை, அதாவது நம் யாழின் உறவுக்கருவி. தட்டைச் சுழலவிட்டுப் படுத்த பிறகுதான் ஒலியளவு மிகக் குறைவாக இருப்பதும், ஒலிபெருக்கிகளில் ஒன்று வேலை செய்யாததும் அவருக்குத் தெரிந்தன. எழுந்து சரிசெய்ய உடலில் வலுவில்லை. வெளியே மழை. மழையொலிக்கு நடுவே யாழின் சில நரம்பொலிகள் மட்டும் மேலெழுந்து மறைந்தன. அவ்வாறு கேட்டதே இசையைக் கேட்பதற்கான புதிய வழி ஒன்றைத் தமக்குக் காட்டியதாக அவர் அதே ஆண்டில் வெளியான தம் ‘டிஸ்க்ரீட் மியூசிக்’ இசைத்தட்டின் குறிப்பில் எழுதினார். 1978இல் விமான நிலையங்களுக்காக அவர் அமைத்த இசைத்தட்டு, இவ்வகைக்கு ‘ஆம்பியன்ட்’ என்ற பெயரையே நிலைநிறுத்தியது.

கிதார் இதில் நுழைந்த கதை சற்று முந்தியது. 1973இல் ராபர்ட் ஃபிரிப் என்ற கிதார் கலைஞரும் ஈனோவும் சேர்ந்து ஓர் இசைத்தட்டை வெளியிட்டனர். இரண்டு ரெவாக்ஸ் ஒலிநாடாக் கருவிகளை அருகருகே வைத்து, ஒரே நாடாவை இரண்டின் வழியாகவும் ஓடவிட்டார்கள். முதற்கருவியில் பதிவாகும் கிதார் ஒலி, சில நொடிகள் கழித்து இரண்டாவதன் வழியே வெளிப்பட்டு, மீண்டும் முதற்கருவிக்குள் போய்ச் சேரும். கலைஞர் மீட்டிய ஒலி ஒவ்வொரு சுற்றிலும் சற்று மங்கித் திரும்ப வரும். அதன்மேல் அவர் அடுத்த ஒலியை மீட்டுவார். ஆக, அவர் தம் பழைய ஒலிகளின் நடுவே அமர்ந்து மீட்டிக்கொண்டிருப்பார். இன்று இந்த வேலையைக் காலடியில் கிடக்கும் சிறு பெடல்கள் செய்கின்றன. கருத்து மாறவில்லை.

*

இனி முதற் குற்றச்சாட்டு. சொல் இல்லையேல் உணர்ச்சி இல்லையா?

1982இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ வெளிவந்தது. அதில் இளையராஜாவின் இசையில் அமைந்த ‘இளைய நிலா’ பாடலில் ஆர். சந்திரசேகர் மீட்டிய கிதாரைத் தமிழர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மறு ஆண்டு, 1983இல், ‘கலாகார்’ என்ற இந்திப் படத்தில் அதே மெட்டு ‘நீலே நீலே அம்பர் பர்’ என்று வேறு சொற்களோடு வந்தது. பாடலாசிரியர் வேறு, பாடகர் வேறு, மொழி வேறு. வைரமுத்துவின் சொல் ஒன்றுகூட அங்கே செல்லவில்லை. ஆனாலும் அந்தப் பாடல் அங்கும் நிலைத்தது. கிதார் பயிலும் வடநாட்டு இளைஞர்கள் இன்றும் விரும்பிப் பயிலும் பாடல்களில் அது ஒன்று. சொற்களை முழுவதுமாக மாற்றிய பின்னும் எஞ்சி நின்று வேலை செய்தது எது? வரிகளுக்கு நான்கு பக்கம் ஒதுக்கும் நம் கட்டுரையாளர் இக்கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும்.

திரையிசையை மேற்கோள் காட்டுவது சிலருக்கு இழுக்காகப் படலாம். அவர்களுக்குத் தி. ஜானகிராமனின் ‘செய்தி’ சிறுகதையை நினைவூட்டுகிறோம். தமிழும் தெலுங்கும் அறியாத மேலைநாட்டு இசைஞர் ஒருவர் நம் நாகசுரத்தைக் கேட்டு உலுக்கப்படுகிறார். அவருக்கு எந்தச் சொல்லும் போய்ச் சேரவில்லை, செய்தி போய்ச் சேர்கிறது. கதையின் தலைப்பே அதுதான். இக்கதையைப் போற்றும் வாசகரே சொல்லில்லாத கிதாரின் முன் ‘இதில் என்ன சொல்ல வருகிறார்கள்?’ என்று கேட்பது எவ்வளவு பெரிய முரண்! டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஆலாபனையை மணிக்கணக்கில் கேட்டு நின்ற கூட்டம் எந்த வரிக்காக நின்றது?

இந்த முரண் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுவோம். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாநாடு கூட்டி, 1943இல் தமிழிசைச் சங்கம் கண்ட இயக்கத்தின் கோரிக்கை முற்றிலும் நியாயமானது. தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டு துக்கடாவாக ஒதுங்கிக் கிடக்கலாகாது என்று அவர்கள் போராடியதை நாம் போற்றுகிறோம். ஆனால் அந்தப் போராட்டத்தின் வெற்றி ஓர் எச்சத்தை விட்டுச்சென்றது. தமிழிசை என்றால் தமிழ்ச் சொல்லுள்ள இசை என்ற சுருக்கம் நம் மனத்தில் உறைந்துவிட்டது. 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதரும், 1947இல் ‘யாழ் நூல்’ தந்த விபுலானந்த அடிகளும் ஆராய்ந்தது சுருதியையும் பண்ணையும் நரம்பையும்தான். அவர்களின் பெயரைச் சொல்கிறோம். அவர்கள் செவிசாய்த்த திசையில் நாம் செவிசாய்ப்பதில்லை.

*

இன்னும் பின்னால் செல்வோம். தொல்காப்பியம் கருப்பொருள்களை வரிசைப்படுத்துகிறது: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். யாழ் என்பதற்கு அந்நிலத்துக்குரிய பண் என்று பொருள்கொள்வது உரைமரபு. தமிழ் முதுகலை பயின்ற எவருக்கும் இந்தப் பட்டியல் மனப்பாடம். ஆனால் அது சொல்லும் கருத்தின் வியப்பு நம் வகுப்பறைகளில் பேசப்படுவதே இல்லை. ஒரு நிலத்துக்கு மரமும் பறவையும் உரியவை ஆவது போல, ஒரு நரம்பிசையும் உரியதாகிறது. இசை மேடையில் நிகழ்த்தப்படும் தனிப்பொருளாக அங்கே இல்லை. அது சூழலின் ஓர் உறுப்பு. குறிஞ்சிக்குப் பெரும்பொழுதாகக் கூதிரும் முன்பனியும், சிறுபொழுதாக யாமமும் வகுக்கப்பட்டதை இத்துடன் சேர்த்துப் பாருங்கள். நிலம், பருவம், இரவின் பகுதி, அங்கே ஒலிக்கும் பண் எல்லாம் சேர்ந்துதான் உரிப்பொருளாகிய உணர்ச்சியைத் தாங்குகின்றன. சூழலிசைக்கு இதைவிடச் செறிவான விளக்கம் உண்டா?

இலக்கணம் சொன்னதைச் சங்கப் புலவர்கள் காட்சியாக்கினார்கள். அகநானூற்றின் 102ஆம் பாடலில், தினைப்புனம் காக்கும் கானவன் கள்ளுண்டு கிடக்கிறான். கொடிச்சி கூந்தலைக் காற்றில் உலர்த்தியபடி குறிஞ்சிப்பண் பாடுகிறாள். தினை மேய வந்த யானை, கதிரையும் கொள்ளாமல், நின்ற இடத்தைவிட்டு நகரவும் செய்யாமல் உறங்கிவிடுகிறது. பெரும்பாணாற்றுப்படையில் இடையன் ஒருவன் குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டிய வில்யாழில் குறிஞ்சியை இசைக்கிறான். அதைத் தம் இனத்தின் ஒலியென்று எண்ணி வண்டுகள் செவிகொடுக்கின்றன. பொருநராற்றுப்படையிலோ பாலைப்பண்ணைக் கேட்ட ஆறலைகள்வர் படைக்கருவியைக் கைவிட்டு அருள் நெஞ்சினர் ஆகின்றனர்.

யானைக்கும் வண்டுக்கும் எந்தச் சொல் விளங்கிற்று? பொருநராற்றுப்படை கள்வரை மாற்றிய பெருமையைப் பாட்டின் கருத்துக்கா தருகிறது? பண்ணுக்குத் தருகிறது. சொல்லைக் கடவுளாகக் கொண்டாடிய அதே புலவர்கள்தாம், இசையின் ஆற்றலைக் காட்ட வேண்டிய இடங்களில் சொல் புரியாத செவிகளைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இதைத் தற்செயல் என்று நம்மால் கொள்ள இயலவில்லை.

*

இவையெல்லாம் ஏட்டில் உள்ள குறிஞ்சி என்று ஒதுக்குவோர்க்கு, நாம் அறிந்த குறிஞ்சி ஒன்றைக் காட்டுகிறோம். பழனி மலையின் கீழ்த்தொடரில், திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள ஆடலூர். காப்பித் தோட்டங்கள், அவற்றுக்கு நிழல் தரும் சில்வர் ஓக், பலா, ஆரஞ்சு, மரத்தைப் பற்றி ஏறும் மிளகுக்கொடி. பளியர் குடிகள் வாழும் மலை. ஆடலூர், பன்றிமலைப் பக்கத்துத் தோட்டங்களுக்குள் யானை இன்றும் வருகிறது. சங்கப்பாட்டில் தினைக்கு வந்தது; இப்போது வாழைக்கும் பலாவுக்கும் வருகிறது.

மூடுபனி இறங்கிய பொழுதில் அங்கே கண்ணுக்கு வேலை குறைவு. மழை நின்ற பிறகும் நெடுநேரம் மேல்மரத்தின் இலையிலிருந்து காப்பியிலையின்மேல் துளி விழுந்துகொண்டிருக்கும். வளைவுகளில் ஏறிவரும் ஜீப்பின் ஒலி ஒரு வளைவில் கேட்கும், அடுத்ததில் மறையும், பிறகு இன்னும் அருகில் கேட்கும். கிளை முறியும் ஒலி கேட்டால், அது காற்றா யானையா என்று பிரித்தறியச் செவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரவில் தோட்டக் காவலுக்கு நிற்பவருக்கு அது உயிர் பற்றிய கேள்வி. ஆக, சூழலைக் கேட்பது அங்கே ஓய்வுநேர இன்பம் மட்டும் ஆகாது. அது விழிப்பு.

கிதாரில் எழும் நல்ல சூழலிசை கேட்கச் சொல்வது இப்படித்தான். ஒலி எங்கிருந்து வருகிறது, எவ்வளவு தொலைவில் இருக்கிறது, அருகில் வருகிறதா விலகிப் போகிறதா என்று செவி தேடத் தொடங்குகிறது. தேடத் தொடங்கிய செவியோடு நெஞ்சும் செல்கிறது. பிரிவும் காத்திருத்தலும் தொலைவு சார்ந்த உணர்ச்சிகள். குறிஞ்சியின் யாமத்தில் தலைவன் வரும் வழியை எண்ணித் துயிலாதிருந்த தலைவியரைப் பற்றி எத்தனை பாடல்கள் நம்மிடம் உள்ளன! அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தது எதை? சொல்லையா?

*

இரண்டாவது, அயல் கருவி என்ற வாதம். இதற்கு நீண்ட மறுப்புத் தேவையில்லை. ஐரோப்பியரின் வயலினை முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) பயின்று நம் இசைக்குக் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரியை எண்ணிப்பார்க்க முடியுமா? 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தன் ஒலிபரப்பிலிருந்து விலக்கியது. அத்தடை தளர 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அக்காலம் முழுவதும் நம் நாடக மேடைகளும் பஜனைக் கூடங்களும் அதை விலக்கவில்லை. கிளாரினெட்டை ஏ.கே.சி. நடராஜனும், சாக்ஸபோனைக் கத்ரி கோபால்நாத்தும் நம்முடையதாக்கினார்கள்.

கிதாருக்கு நெருங்கிய உறவான மின் மாண்டலினைக் கருநாடக இசைக்குள் நிலைபெறச் செய்தவர் யு. ஸ்ரீனிவாஸ் (1969–2014). ஆந்திரத்தில் பிறந்து சென்னையில் வாழ்ந்து மறைந்த மேதை. நம் விவாதத்துக்கு அவர் இன்னொரு வகையிலும் முக்கியமானவர். 1995இல் ‘டிரீம்’ என்ற இசைத்தட்டை அவர் மைக்கேல் புரூக் என்ற கனடிய கிதார் கலைஞரோடு சேர்ந்து வெளியிட்டார். புரூக் சூழலிசை மரபில் வந்தவர். மீட்டிய நரம்பின் அதிர்வை மின்முறையில் தாங்கிப்பிடித்து, விரும்பும் வரை ஒலி தேயாமல் நிற்கச் செய்யும் ‘இன்ஃபினிட் கிதார்’ அவர் உருவாக்கியது. 1987இல் வந்த யூ2 குழுவின் ‘வித் ஆர் வித்தவுட் யூ’ பாடலில் நெடிதாக நின்று ஏங்கும் அந்த ஒலி இக்கருவியினுடையது. அப்படிப்பட்டவரோடு சூழலிசையில் இணைய மாண்டலின் ஸ்ரீனிவாஸுக்குத் தயக்கம் இருக்கவில்லை. தயங்கிக்கொண்டிருப்பவர்கள் நாம்தாம். தமிழ்நாட்டில் வேர்கொண்ட ஒரு மேதை இத்துறையில் கால்பதித்து முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. நம் இலக்கிய இதழ்களில் அதைப் பற்றி எழுந்த பேச்சு எவ்வளவு?

*

மூன்றாவது வாதமே சற்று வலுவானது. ‘இதில் எதுவும் நிகழ்வதில்லை; ஒரே இடத்தில் நிற்கிறது; வளர்ச்சியும் உச்சமும் எங்கே?’

நிற்பது உண்மை. ஆனால் நிற்பதால் கலை ஆகாது என்றால், முதலில் தம்பூராவை மேடையிலிருந்து இறக்கிவிடுங்கள். கச்சேரி முழுவதும் ஒரே சுருதியில் நிற்கும் அக்கருவியின் பாலத்தில் நரம்புக்கடியில் ஒரு நூலைச் செருகி, அதை மயிரிழையளவு முன்னும் பின்னும் நகர்த்தி, உயிர் பிடிக்கும் இடத்தைத் தேடுகிறார்கள். அந்த நூலுக்கு ஜீவாளி என்று பெயர். உயிர் என்ற சொல் எங்கே போய் அமர்ந்திருக்கிறது பாருங்கள்! எதுவும் ‘நிகழாத’ கருவியில்.

கிதாரில் இது எவ்வாறு வேலை செய்கிறது? நரம்பை மீட்டிய கணத்தில் எழும் கூர்மையான தட்டொலிதான் ‘ஒருவர் மீட்டினார்’ என்று நமக்கு அறிவிக்கிறது. சூழலிசைக் கலைஞர் ஒலியளவுப் பெடலை மூடி வைத்துக்கொண்டு மீட்டி, பிறகு மெல்லத் திறக்கிறார். தட்டொலி மறைந்துவிடுகிறது. ஒலி, எங்கும் தொடங்காதது போல், ஏற்கெனவே அங்கே இருந்தது போல் எழுகிறது. அதைத் தொடர்ந்து எதிரொலிகள் வருகின்றன, ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சற்று மங்கலாக. நம் நினைவும் இவ்வாறே அன்றோ வேலை செய்கிறது? இறந்தவரின் குரல் முதல் ஆண்டில் தெளிவாகக் கேட்கிறது. பிறகு சொற்கள் போய்விடுகின்றன, குரலின் நிறம் மட்டும் நிற்கிறது. அந்த நிறத்தின் முன் நாம் கலங்குவதற்கு எந்த வாக்கியமும் தேவைப்படுவதில்லை. எதுவும் நிகழாத இசையில் நிகழ்வது இந்தத் தேய்வு. அதைக் கேட்கப் பொறுமை வேண்டும். பொறுமையின்மையை அழகியல் கொள்கையாக உயர்த்துவதை நாம் ஏற்பதற்கில்லை.

*

நான்காவது, தூக்க இசை. இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சூழலிசை என்ற பெயரில் இன்று குவிவதில் பெரும்பகுதி வெறுமை. நான்கு சுரங்களை மீட்டி அவற்றின்மேல் எதிரொலியைக் கொட்டிவிட்டால் ஆழம் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் ஏராளம். இணைய இசைச் சேவைகள் அவற்றைத் ‘தூக்கத்துக்கு’, ‘படிப்புக்கு’, ‘மன அமைதிக்கு’ என்று மாத்திரை அட்டைபோல் வகைபிரித்து விற்கின்றன. கலைஞரின் பெயரைக் கேட்பவர் அறிவதும் இல்லை, அறிய விரும்புவதும் இல்லை. இந்த வணிகத்தை நாமும் எதிர்க்கிறோம்.

ஆனால் நம் இலக்கிய நண்பர்கள் செய்வது என்ன? வணிகன் ஒட்டிய சீட்டை அப்படியே படித்து, ‘ஆம், இது தூக்க மருந்துதான்’ என்று முடிவு கட்டுகிறார்கள். உறங்க வைப்பது இழிவு என்றால், அகநானூற்றின் யானையை என்ன செய்வது? தாலாட்டை எங்கே கொண்டுபோய்ப் புதைப்பது? உறங்கச் செய்வதும் ஓர் ஆற்றல். ஆனால் அது இந்த இசையின் ஆற்றல்களில் ஒன்றே ஒன்று.

போலியையும் மெய்யையும் பிரிக்க நாம் ஓர் அளவுகோலை முன்வைக்கிறோம். இசை நின்ற பிறகு என்ன கேட்கிறது? போலி இசை சூழலைத் துடைத்துவிட்டு அந்த இடத்தில் தான் அமர்ந்துகொள்கிறது. அது முடிந்ததும் நமக்கு எரிச்சலே மிஞ்சும். அடுத்ததைத் தேடி விரல் போகும். மெய்யான இசை முடியும்போது நம் செவி கூர்மை பெற்றிருக்கும். மின்விசிறியின் சுழற்சி, பக்கத்து வீட்டுப் பாத்திரம், தொலைவில் போகும் பேருந்து, எல்லாம் புதிதாகக் கேட்கும். ஈனோவின் அறையில் மழை கேட்டது போல. ஆடலூரில் இலைத்துளி கேட்பது போல. மலைக்கு வந்தும் வண்டியின் கதவுகளைத் திறந்துவைத்துப் பெரும் ஒலிபெருக்கியில் பாட்டை அலறவிடும் சுற்றுலாக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கேட்பதும் பெரும்பாலும் சொல் நிறைந்த பாட்டுத்தான். அந்தச் சொற்கள் எல்லாம் சேர்ந்து ஒரு மலையையே கேட்காமல் செய்துவிடுகின்றன.

இதனால்தான் இவ்வளவு கடுமையாக எழுத நேர்ந்தது. ஒரு கிதாரைப் பாராட்டுவதா வேண்டாமா என்பது தனிப்பட்ட சுவை. அதில் நமக்கு வழக்கில்லை. வழக்கு செவியைப் பற்றியது. நிலத்தின் ஒலியையும் அதன் பண்ணையும் ஒரே பட்டியலில் வைத்த மொழி நம்முடையது. அம்மொழியில் எழுதுகிறவர்களே வரி இல்லாத இடத்தில் செவியை மூடிக்கொண்டால், கருப்பொருள் என்பது தேர்வுக்கான பட்டியலாக மட்டுமே எஞ்சும். காடு போனபின் மரத்தின் பெயர் எஞ்சுவது போல.

ஆகவே நம் இதழ்களுக்கும் எழுதும் நண்பர்களுக்கும் நாம் வைக்கும் கோரிக்கை எளியது. அடுத்த முறை ஒரு பாடலைப் பற்றி எழுதும்போது, வரிகள் தொடங்குவதற்கு முன்னுள்ள கிதாரைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். ‘வருடும்’, ‘இனிய’ என்ற இரண்டு சொற்களையும் தொடாமல் எழுதுங்கள். நரம்பு எப்படி மீட்டப்பட்டது, ஒலி எங்கே நின்றது, எங்கே தேய்ந்தது, தேய்ந்தபோது உங்களுக்கு நேர்ந்தது என்ன என்று எழுதுங்கள். அதற்கான சொற்கள் தமிழில் இல்லை என்று எவரேனும் சொன்னால், யாழ் நூலைத் திறந்து காட்டுவோம்.